மூலைக்கு வந்த ஒயர்

...மெஷினை நாமே செய்வதா வாங்குவதா, நீயே முடிவு பண்ணு என்று நேற்றுகூட புருஷன்தானே சொன்னான், சொல்லிக்கொண்டே அவள் தோளில் ஒட்டியிருந்த இரும்புத்தூளைத் தட்டிவிட்டானே, இன்றைக்கு எலக்ட்ரீஷியன் ஏணிமேல் நின்று பட்டறை மூலைவரை தடித்த ஒயர் ஒன்றை இழுத்துக்கொண்டிருக்கிறான், எதற்கு என்று கேட்டால், "என்னக்கா, தெரியாத மாதிரி கேக்கறீங்க? த்ரீ ஃபேஸ் லைன். புது மெஷின் வருதுல்ல, அண்ணன் போன வாரமே சொல்லிட்டாரே" என்று சிரிக்கிறான்... த்ரீ ஃபேஸா, பெரிய மோட்டாருக்கல்லவா அந்த லைன், அவள் சொந்தமாகச் செய்துகொண்டிருக்கும் சிஎன்சிக்கு, கம்ப்யூட்டர் சொன்னபடி மரம் செதுக்கும் சின்ன மெஷினுக்கு, எதற்கு அது, மிக்ஸி ஓடுகிற லைனிலேயே ஓடும், கதவில் பூ செதுக்க அது போதும் என்று சொல்லிச் சொல்லித்தானே அவனைச் சம்மதிக்க வைத்தாள், அப்படியென்றால் வரப்போவது வேறொன்று, எங்கோ விலை பேசி முடித்தது.

அவள் மெஷினின் பாதி முடிந்த ஃபிரேமின்மேல் கை தானாகப் போனது, சில்லென்றிருந்தது. முன்பெல்லாம் புருஷன் எதற்கெடுத்தாலும் மல்லுக்கு நிற்பான், ரெயில் கோணல், வெல்டிங் அசிங்கம், இதை ஓட்டினால் கதவு வராது கட்டில்கால்தான் வரும் என்று நாத்தனார் எதிரிலேயே கிண்டல், அவளும் விடமாட்டாள், சாப்பாடு ஆறும்வரை சண்டை நடக்கும்... எப்போது நின்றது அது? கொஞ்ச நாளாக எதைக் காட்டினாலும் நல்லாருக்கு, நல்லாருக்கு. குறை சொல்ல ஒன்றுமில்லை என்றா நினைத்தாள், ஐயோ, நம்பிக்கை வந்துவிட்டது என்றல்லவா பூரித்துப்போனாள்...

புருஷன் உள்ளே வந்தான். "இந்த லைன் எதுக்கு?" என்றாள். "அதுவா, சும்மா இருக்கட்டும்னுதான்" என்றான். ஏணிமேலிருந்தவன் சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான், பாவம், சுவரில் என்ன இருக்கிறது. "நீ என்ன முடிவு பண்ணின?" கண்ணைப் பார்த்துத்தான் கேட்டான், எப்படி முடிகிறது... "செய்யலாம்" என்றாள், இப்போதாவது சொல்லட்டும், கத்தட்டும், உனக்கென்ன பைத்தியமா என்று கேட்கட்டும்.

"சரிம்மா, செய்யலாம்."

எவ்வளவு இதமான குரல், எங்கே கேட்டிருக்கிறாள் இதை... ஆஸ்பத்திரியில், இனி எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகு, வீட்டுக்குப் போலாமாடா என்று மாமனார் கேட்கக் கேட்க, சரிப்பா போலாம், சரிப்பா போலாம் என்று அவர் கையைத் தடவிக்கொண்டே சொன்னானே, இதே குரல்... அன்றைக்குக் கட்டில் ஓரம் நின்று அதைக் கேட்டுத்தானே, எவ்வளவு நல்லவன் இவன் என்று அவள் கண் கலங்கினாள்.