முழுவதையும் அழிக்கவா?

"மாமா, உங்க சாமி பெருசா, பெரிய மாமாவோட சாமி பெருசா?"

பெரியக்காவின் மகள் ஆறு வயதில் ஒரு நாள் இப்படிக் கேட்டாள். கூடத்தில் பெரியண்ணனும் கடைசித் தம்பியும் முகம் சிவக்கக் கத்திக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று அரை மணி நேரம் கேட்டிருக்கிறது பிள்ளை. 'நம்பினவங்களைக் கைவிடாது', 'உன்னுது காசு பிடுங்குறது', 'ஒரு தடவை இந்தப் பக்கம் வந்து பாரு, அப்புறம் திரும்பிப் போக மாட்டே' என்றெல்லாம் பேச்சு அடிபட்டதால், விவகாரம் கடவுளைப் பற்றியது என்று நினைத்துவிட்டாள். உண்மையில் அவர்கள் சண்டை போட்டது லேப்டாப்பில் எந்த இயங்குதளம் உசத்தி என்பதற்காக. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசித் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கேள்வி நியாயமானது என்றே அவனுக்குப் பட்டது. பதிலும் அவனிடம் தயாராக இருந்தது.

அந்தக் குடும்பத்தில் மூன்று மதங்கள். பெரியண்ணன் ஜன்னல் கட்சி. இருபத்தைந்து வருஷமாக விண்டோஸைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை. அது மக்கர் செய்தால் அணைத்துவிட்டு மறுபடி போடுவார், எழுந்துகொண்டால் "பாத்தியா!" என்று சுற்றியிருப்பவர்களைப் பெருமையோடு பார்ப்பார். சின்னக்காவின் கணவர் ஆப்பிள் மச்சான். அவருடைய போன், கைக்கடிகாரம், காதில் செருகுவது எல்லாமே ஒரே பழம். வாங்கிய பெட்டிகளைக்கூட எறியாமல் அலமாரியில் அடுக்கி வைத்து, வாரம் ஒரு முறை தூசி தட்டுவார். கடைசித் தம்பி லினக்ஸ். அதன் சின்னம் பென்குயின் என்பதால் வீட்டில் அவனுக்கே பென்குயின் என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டம் கிடைத்தவன்போல அதை ஏற்றுக்கொண்டான். இலவசம், யாருக்கும் அடிமை இல்லை, உள்ளே திறந்து பார்க்கலாம், வேண்டியபடி திருத்தலாம் என்று மூச்சு விடாமல் சொல்வான். இதுவரை திறந்து எதையும் திருத்தியதில்லை. திருத்தலாம் என்ற எண்ணமே அவன் வயிற்றை நிரப்பியது.

ஒரு விஷயத்தை மட்டும் அவன் வெளியே விட்டதில்லை. அவன் வேலை பார்த்த குழாய்க் கிடங்கின் அலுவலகத்தில் எல்லாக் கணினியும் ஜன்னல்தான். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை ஜன்னலுக்குச் சேவகம். ஆறு மணிக்கு மேல் விடுதலைப் போராட்டம்.

பெரியக்காவுக்கு எந்தக் கட்சியும் இல்லை. வீட்டிலேயே உட்கார்ந்து அச்சகத்துக்குப் புத்தகங்கள் டைப் செய்து, பக்கம் வடிவமைத்துக் கொடுப்பவள். கணவர் போன பிறகு வீடு ஓடியது அவள் விரல்களால்தான். அவளுடைய பழைய லேப்டாப் ஒரு நாள் இருமி இருமி அடங்கியதும், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று மதத்தாரும் மேடை ஏறிவிட்டார்கள்.

'எனக்கு அந்தப் பழைய டைப்பிங் ஃபாண்ட் எழுத்தும் பக்கம் போடுற சாப்ட்வேரும் ஓடணும், அது போதும்' என்று அவள் ஒரு வரி போட்டாள். அதன்மேல் நாற்பத்தேழு செய்திகள் வந்து விழுந்தன. எந்த வேலைக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. கடைசியில் ஜன்னல் ஜெயித்தது. அவள் எழுதியதை அண்ணன் படித்ததால் அல்ல. கடைக்குப் போக வண்டி அவரிடம்தான் இருந்தது. அந்தப் பழைய எழுத்தும் சாப்ட்வேரும் ஓடுவது அதில் மட்டுமே என்பது கடவுள் புண்ணியம்.

புது லேப்டாப்பில் அவள் எடுத்த முதல் வேலை செவிலியர் பயிற்சிப் பள்ளிக்கான கைநூல். ஒரு தலைமைச் செவிலி தன் கையால் எழுதிய நூற்றறுபது பக்கம். அச்சகக்காரர் தன்மையாகத்தான் சொன்னார்: "இருபத்துநாலாம் தேதி என் கைக்கு வந்துடணும்மா. வரலைன்னா வேற ஆளப் பாத்துக்குவேன், கோவிச்சுக்காதீங்க. பின்னாடி அந்தப் பள்ளிக்கூடத்துப் புஸ்தகம் இன்னும் ஆறு வருது. எல்லாம் ஒரே கைக்குத்தான் போகும்." ஆறு புத்தகம் என்றால் ஒரு வருஷத்துச் சாப்பாடு. ஒன்பது நாளில் தொண்ணூறு பக்கம் முடித்துவிட்டாள்.

பன்னிரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. தம்பி வந்தபோது அக்காவும் மகளும் கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"சோறு இருக்கு, போட்டுச் சாப்பிடு. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம்" என்று சொல்லிவிட்டு அக்கா போனாள்.

சும்மா உட்கார்ந்திருக்கலாம். சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம். தீங்கு செய்கிறவர்களில் பாதிப் பேர் கெட்டவர்கள் இல்லை. நல்லது செய்ய நேரம் கிடைத்தவர்கள். தம்பி லேப்டாப்பைத் திறந்தான். 'சற்றுப் பொறுங்கள்' என்று திரையில் வட்டம் சுற்றியது. சொந்த அக்கா, இப்படி ஒரு அடிமைத்தனத்தில்! பையில் எப்போதும் வைத்திருக்கும் பென்குயின் பென்டிரைவை எடுத்தான்.

அவன் பொறுப்பில்லாதவன் அல்ல. டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டையும் தனியே நகல் எடுத்துவைத்தான். பிறகு நிறுவல் தொடங்கியது. பழையதை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு பென்குயினை இன்னொரு பக்கம் குடியேற்றவா, இல்லை முழுவதையும் அழிக்கவா என்று கணினி கேட்டது. எந்திரத்துக்கே அவ்வளவு மரியாதை தெரிந்திருந்தது. அரைகுறை விடுதலை அவனுக்குப் பிடிக்காது. முழுவதையும் என்றான்.

அக்கா திரும்பி வந்து திரையைப் பார்த்தாள்.

"என்னடா, படம் மாறியிருக்கு?"

"அக்கா, இன்னையிலேருந்து நீ சுதந்திரம்!"

"நான் எப்படா ஜெயில்ல இருந்தேன்?"

"உனக்குப் புரியாதுக்கா. போகப் போகத் தெரியும். உன் ஃபைலெல்லாம் பத்திரம். டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், எல்லாம் எடுத்து வச்சிட்டேன்."

"அதுல என்ன இருக்கு? பாப்பாவோட பள்ளிக்கூட போட்டோதான் இருக்கும். நான் வேலையெல்லாம் டி டிரைவ்லல்ல வைப்பேன்?"

டைப்பிங் பழகிய காலத்தில் அவளுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம் அது. கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் ரிப்பேர்காரன் சி டிரைவைத்தான் துடைப்பான். டி டிரைவை யாரும் தொட மாட்டார்கள். அதனால் உயிர் போனாலும் வேலையை டி-யில் வை. அந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் அது கைப்பழக்கம். புது லேப்டாப் வாங்கியபோதுகூடக் கடைக்காரப் பையனிடம் சொல்லி டி டிரைவ் பிரித்து வாங்கியிருந்தாள்.

தம்பி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். "எவ்வளவுக்கா இருந்தது?"

"ஆறு அத்தியாயம். தொண்ணூறு பக்கம்."

"வேற எங்கயும் எடுத்து வைக்கலியா?"

"நாளைக்கு எடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் வரை அவன் என்னென்னவோ செய்து பார்த்தான். மீட்பு மென்பொருள் ஒன்று நாலு மணி நேரம் ஓடி, ஒரு சோப்பு விளம்பரப் படத்தை மட்டும் மீட்டுக் கொடுத்தது. கடைசியில் தன் கையாலேயே பென்குயினை வெளியேற்றி, ஜன்னலை மாட்டி, டி டிரைவையும் பிரித்துவைத்தான். அந்த நேரம் பார்த்துப் பெரியண்ணன் வீடியோவில் வந்தார். தான் வாங்கிக் கொடுத்த எந்திரத்தை ஞாயிறுதோறும் நலம் விசாரிப்பது அவர் வழக்கம். தம்பி அடுப்படிக்குள் நழுவினான்.

"மெஷின் எப்படிப் போகுது?"

"டி டிரைவ் அழிஞ்சு போச்சுண்ணா. புஸ்தக வேலை பாதி போயிடுச்சு."

"எப்படிப் போகும்? அந்தப் பென்குயின் பய வந்தானா? கை வச்சானா?"

அடுப்படியில் தம்பி கதவுக்குப் பின்னால் ஒதுங்கினான்.

"இல்லண்ணா. நான்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன்."

"அறிவிருக்கா உனக்கு? அவ்வளவு விலை கொடுத்து வாங்கினதைக் கையில கொடுத்தா, குரங்கு கையில..." என்று ஆரம்பித்தார். ஆப்பிள் மச்சானும் வந்து சேர்ந்துகொண்டார். "நான் அப்பவே சொன்னேன், கேட்டீங்களா? என் பக்கம் வந்திருந்தா கிளவுட்ல, மேகத்துல பத்திரமா இருந்திருக்கும்." அரை மணி நேரம் இரண்டு பேரும் மாறி மாறி ஏசினார்கள். தொண்ணூறு பக்கத்துக்காக ஒருவரும் வருத்தப்படவில்லை. அக்கா "சரிண்ணா", "ஆமா மாப்பிள்ளை" என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

தம்பி வெளியே வந்தான். "ஏன்க்கா பொய் சொன்னே?"

"உன்னைத் திட்டினா பக்கம் திரும்பி வந்துடுமா? உன்னைன்னா அண்ணன் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவாரு. என்னைன்னா பத்து நாள்ல மறந்துடுவாரு. பொய்யை நான் சாமிகிட்ட சொல்லிக்கிறேன். நகரு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கணும்."

"நான் கொஞ்சம் டைப் பண்ணித் தரட்டுமா?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேணாம்ப்பா. இன்னைக்குச் செஞ்ச உதவியே போதும்."

மிச்சமிருந்த பன்னிரண்டு நாளில் எழுபது பக்கத்தைச் சுலபமாக முடித்திருப்பாள். இப்போது நூற்றறுபது. எப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைத்தது. அவள் முகம் கழுவப் போன நேரத்தில் தம்பி கையெழுத்துக் கட்டைப் பிரித்து நாலு, ஐந்து, ஆறு அத்தியாயங்களைப் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

மறுநாளிலிருந்து அவன் ஏழு மணிக்கே அலுவலகத்துக்குப் போனான். கிடங்கில் லாரி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அந்தப் பழைய எழுத்தைத் தேடி எடுத்துப் போட்டு, எந்த விசையில் எந்த எழுத்து இருக்கிறதென்று ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் ஒட்டிக்கொண்டான். இரண்டே விரலால், கோழி கொத்துவதுபோல் அடித்தான். முதல் நாள் காலையில் நாலு பக்கம் தேறியது. மதியச் சாப்பாட்டு நேரத்திலும், ஆறு மணிக்கு எல்லோரும் போன பிறகும் அடித்தான். "என்னப்பா, ராஜினாமாக் கடிதமா? இவ்வளவு நீளமா எழுதுறே?" என்று பக்கத்து மேசைக்காரர் கேட்டார். "ஆமா சார், உங்களைப் பத்தியும் ஒரு பாரா இருக்கு" என்றான்.

தலைமைச் செவிலியின் எழுத்து அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக இருந்தது. படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, அது முதுகில் புண்ணாகும் என்று எழுதியிருந்தார். நாலாம் நாள் காலை ஐந்தாம் அத்தியாயத்தில் இப்படி வந்தது: 'நோயாளியின் நன்மைக்காகவே என்றாலும் அவரைக் கேட்காமல் ஊசி போடாதே, உடை மாற்றாதே, ஜன்னலைக்கூடத் திறக்காதே. அவர் படுத்திருக்கிறார் என்பதால் அவருடைய உடம்பு உன்னுடையது ஆகிவிடாது.' அதை அடித்து முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆனது. விரல் பழகாததால் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வாரம் முழுக்கத் தான் எந்த மதத்துக் கணினியில் உட்கார்ந்திருக்கிறோம் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை.

வெள்ளிக்கிழமை அக்கா முதல் அத்தியாயங்களைக் காட்ட அச்சகத்துக்குப் போயிருந்தாள். மகள் பள்ளிக்கூடத்தில். தம்பி பல் வலி என்று அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவசரத்துக்கென்று அக்கா கொடுத்து வைத்திருந்த சாவியால் கதவைத் திறந்தான். மேசைமேல் ஆறிப்போன காபி டம்ளர், மணிக்கட்டுக்குத் தடவும் தைலம், மூன்றாம் அத்தியாயத்தின் கடைசித் தாள்.

லேப்டாப்பைத் திறந்தான். சற்றுப் பொறுங்கள் என்றது. பொறுத்தான்.

டி டிரைவில் மூன்று கோப்புகள் இருந்தன. அவற்றுக்குக் கீழே தான் கொண்டுவந்த மூன்றையும், அவள் பெயர் வைக்கிற அதே முறையில் பெயரிட்டு, ஒவ்வொன்றாக வைத்தான். நாற்பத்தெட்டுப் பக்கம். வேறெதையும் தொடவில்லை. எல்லாம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்கும்போது ஆறாம் அத்தியாயத்தில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது தெரிந்தது. நின்றபடியே இரண்டு விரலால் அதை அடித்துச் சேர்த்தான். மூடியைச் சாத்தினான். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, அண்டை வீட்டார் யாரும் வெளியே வருவதற்குள் படியிறங்கினான்.