இருநூற்று முப்பத்தொன்றாவது விஷம்

அரசாங்கத்துக்கு எதையாவது வரிசையில் நிற்க வைக்காவிட்டால் தூக்கம் வராது. மனிதர்களை நிற்க வைத்து முடித்த கையோடு விஷங்களைப் பிடித்துக்கொண்டது. மூடிக் கிடக்கும் ஆலைகள், குப்பை மேடுகள், மண்ணுக்குள் புதைத்த பீப்பாய்கள் என்று நாடு முழுக்கத் தேடிப் போய், அங்கே மண்ணையும் தண்ணீரையும் எடுத்துச் சோதித்து, எந்த நஞ்சு முதலாவது, எது இரண்டாவது என்று எண் போட்டு வெளியிடுவதற்கென்றே ஓர் அலுவலகம் இருந்தது. மூன்றாவது மாடி. மின்விசிறிக்குத் தாள்கள் பறக்காமலிருக்க மேசைக்கு மேசை ஒரு கூழாங்கல். அந்த அலுவலகத்தில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள் அக்கா.

அவள் ஒரே ஒரு தம்பிக்குத்தான் அக்கா. ஆனால் அலுவலகத்திலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளைவிட ஆறு வயது மூத்த பிரிவுத் தலைவர்கூட "அக்கா, அந்த ஃபைல் எங்கே?" என்றுதான் கேட்பார். அவளும் சலிக்காமல் எடுத்துக் கொடுப்பாள்.

ரேங்க் போடுவதற்கு மூன்று மதிப்பெண். தேடிய இடங்களில் நூற்றுக்கு எத்தனையில் அகப்பட்டது என்பதற்கு ஒன்று. எவ்வளவு கொடியது என்பதற்கு ஒன்று. எத்தனை பேர் உடம்புக்குள் போக வழி இருக்கிறது என்பதற்கு ஒன்று. மூன்றையும் கூட்டி மேலிருந்து கீழே அடுக்குவார்கள். ஆகவே முதலிடத்தில் இருப்பது உலகத்திலேயே கொடிய விஷம் என்று அர்த்தமில்லை. ஊரெல்லாம் கிடப்பதுதான் மேலே ஏறும். ஒரு மடக்கில் ஆளை முடிக்கிற சரக்கு ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் அகப்பட்டால் அது கீழேதான் கிடக்கும். இதை அக்கா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முதல் இருநூறுக்குத்தான் மரியாதை. அதற்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு. கோட்டுக்கு மேலே இருந்தால் ஆராய்ச்சி உண்டு, மருத்துவக் குழு வரும், தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் வரும். கீழே இருந்தால் ஒன்றும் கிடையாது.

தம்பி பஸ் டிரைவர். அக்காவின் வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால் அவனுக்குக் கொண்டாட்டம்தான். "எங்கக்கா விஷத்துக்கெல்லாம் ரேங்க் கார்டு குடுக்கறா. அப்பாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரச் சொல்வா போல" என்பான். ரேங்க் கார்டு என்றதும் அடுத்ததாக அவன் சொல்லப் போகும் கதை அவன் மனைவிக்கு மனப்பாடம். அவன் நாலாவது படித்தபோது காய்ச்சலில் கிடந்து கணக்குப் பரீட்சைக்குப் போகவில்லை. வாத்தியார் பெரிய முட்டையாகப் போட்டு அனுப்பிவிட்டார். எட்டாவது படித்துக்கொண்டிருந்த அக்கா கார்டைப் பிடுங்கிக்கொண்டு நேரே வாத்தியாரிடம் போனாள். "வராதவனுக்கு எப்படி சார் முட்டை போடுவீங்க? அவன் தப்பா எழுதல சார். அவன் வரவே இல்ல." அவர் முட்டையை அடித்து 'வரவில்லை' என்று சிவப்பு மசியில் எழுதும்வரை இடத்தைவிட்டு நகரவில்லையாம். "எல்லாம் சரி, அப்பவும் நான்தான் கிளாஸ்ல கடைசி" என்று முடித்துவிட்டுத் தம்பி வயிறு குலுங்கச் சிரிப்பான்.

அவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குடியிருந்த தெரு ஒரு மூடிய ஆலையின் பின்சுவரை ஒட்டியிருந்தது. இயந்திர உதிரிகளை ஒரு கரைப்பானில் முக்கி எண்ணெய்ப் பிசுக்கு எடுக்கும் ஆலை. அது மூடி இருபது வருடம் ஆகிறது. தெருவுக்கே ஒரு ஆழ்துளைக் கிணறு. அந்தத் தண்ணீரில் மிக லேசாக ஒரு தித்திப்பு வாசனை உண்டு. தம்பிக்கு அது பிடிக்கவே செய்தது. தினமும் ஐந்து லிட்டர் கேனில் நிரப்பி டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பான். "வீட்டுத் தண்ணி மாதிரி வருமா" என்பான்.

ஒரு முறை ஏதோ கல்லூரியிலிருந்து வந்தவர்கள் அந்தத் தண்ணீரைப் பிடித்துப் போய்ச் சோதித்து, ஒரு நஞ்சின் பெயர் எழுதிய துண்டுத்தாளை அனுப்பியிருந்தார்கள். தெருக்காரர்கள் பயந்துபோய், குழாய்த் தண்ணீர் கேட்டு மனு எழுதிக் கையெழுத்து வாங்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியும் அவன் மனைவியும் துண்டுத்தாளோடு அக்கா வீட்டுக்கு வந்தார்கள்.

"அக்கா, இந்தப் பேரு வாயில நுழையவே மாட்டேங்குது. யாரு இவன்?"

அக்கா பையிலிருந்து பட்டியலை எடுத்துப் புரட்டினாள். "இருநூத்தி முப்பத்தொண்ணு."

"அப்படின்னா?"

"கோட்டுக்குக் கீழடா."

"கடைசி பெஞ்சா? அட, நம்ம ஆளு!" தம்பி துள்ளிக் குதிக்காத குறை. "பாவம், கடைசி பெஞ்சுக்காரன் யாருக்கு என்ன கெடுதல் பண்ணிடப் போறான்?"

அவன் மனைவி சிரிக்கவில்லை. "அப்போ பயமில்லையா, அண்ணி? குடிக்கலாமா?"

இந்த இடத்தில்தான் அக்கா வாயைத் திறந்து, ரேங்க் வேறு, விஷம் வேறு என்று சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அந்தப் பெண்ணின் முகம் அப்படி வெளிறிக் கிடந்தது. ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பலாமே என்று தோன்றிவிட்டது. "மேல இருக்கற பெரிய ஆளுங்க யாரும் உங்க தண்ணியில இல்ல. அதுவே பெரிய விஷயம்தான். குடிங்க" என்றாள்.

தம்பி அன்று சாயங்காலமே தெரு முழுக்கச் சொல்லிவிட்டான். எங்கக்கா கவர்மெண்டு, அவளே சொல்லிட்டா, இனிமே என்ன. இருபது கையெழுத்து வாங்கியிருந்த மனுவை மடித்து யாரோ அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

இரண்டு வருடம் கழித்துத் தம்பியின் கண் மஞ்சளானது. முதலில் சாதாரணக் காமாலை என்றார்கள். பிறகு கல்லீரல் என்றார்கள். பிறகு டாக்டர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டார். தண்ணீரைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்றாள் அக்கா. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தண்ணீர்தான் காரணமா என்று கேட்டாள். "ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு அப்படி அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார் அவர்.

மறுநாள் காலை அலுவலகம் திறக்கும்போதே போய் உட்கார்ந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு இடங்கள். இருநூற்று முப்பத்தொன்றாவது விஷத்துக்கான பத்தியைத் திறந்து மேலிருந்து கீழே பார்த்தாள். சைபர், சைபர், சைபர். நடுநடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதின்மூன்று இடங்களில் மட்டும் 'உண்டு'. அறுநூற்றில் பதின்மூன்று என்றால் கீழே கிடப்பதில் வியப்பில்லைதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. பதிவறைக்குப் போய், சோதனைக்கூடங்கள் அனுப்பிய மூலத் தாள்களைக் கட்டுக்கட்டாக இறக்கினாள். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து பிரித்தாள்.

தாள்களில் சைபர் இல்லை. கட்டங்கள் காலியாக இருந்தன.

சோதனைக்கூடங்கள் முதல் இருநூறில் இருப்பதை மட்டும்தான் சோதித்திருந்தன. கோட்டுக்குக் கீழே இருப்பதைத் தேடச் சொல்லி அவர்களுக்கு யாரும் உத்தரவு போடவில்லை. தேடவில்லை, அதனால் அகப்படவில்லை. அகப்படவில்லை, அதனால் மேலே ஏறவில்லை. மேலே ஏறவில்லை, அதனால் யாரும் தேடவில்லை. யாரும் சொல்லாமலே இந்த விஷத்தையும் சோதித்துப் பார்த்த இடங்கள் நாடு முழுக்கப் பதினான்குதான். பதினான்கில் பதின்மூன்றில் இருந்தது.

காலிக் கட்டம் சைபராக மாறியது எப்படி என்பது அக்காவுக்குத் தெரிந்திருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் புதிய கணினி வந்தபோது, கட்டம் காலியாக இருந்தால் அது அடுத்த பக்கத்துக்கு விடவே இல்லை. மூன்று நாள் பிரிவே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அப்போது, "காலியா இருந்தா சைபர் போட்டுடலாமே சார்" என்று சொன்னது அவள்தான். எல்லோரும் கை தட்டினார்கள். அந்த வருடத்தின் சிறந்த யோசனை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலுக்குப் பக்கத்தில் இன்னும் தொங்குகிறது.

அக்கா பதிவறையிலிருந்தே தம்பி மனைவிக்குப் போன் செய்தாள். "அந்தத் தண்ணிய யாரும் தொடாதீங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லு. நான் சொன்னது தப்புன்னு சொல்லு." அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க அண்ணி" என்று மட்டும் வந்தது. திட்டியிருந்தாலாவது தேவலை.

பிறகு தாள்களோடு பிரிவுத் தலைவரின் முன்னால் போய் நின்றாள்.

"பதினோரு வருஷத்துல ஆறு பட்டியல் வெளியிட்டிருக்கோம், அக்கா. ஆறும் தப்புன்னு எழுதிக் குடுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா சார். நான்தான் செஞ்சேன்னு நானே எழுதித் தரேன்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "அடுத்த திருத்தத்துக்கு நாலு மாசம் இருக்கு. சைபரை எல்லாம் பிரிச்சு எடுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார். வெளியே வரும்போது அக்கா சான்றிதழைக் கழற்றித் தன் மேசை இழுப்பறையில் குப்புறப் போட்டுப் பூட்டினாள்.

அன்று மாலை நாலு மணிக்கு ஆஸ்பத்திரி. தம்பி பாதியாக இளைத்திருந்தான், வயிறு மட்டும் உப்பியிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய கேன், இப்போது ஆஸ்பத்திரித் தண்ணீரோடு.

"டேய், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. நான் எங்க ஓடிடப் போறேன்?"

சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. "அவன் கடைசி பெஞ்சு இல்லடா. அவனுக்கு யாரும் பரீட்சையே வைக்கல. வைக்காத எடத்துல எல்லாம் நான் முட்டை போட்டு வெச்சிருக்கேன். அதப் பாத்துத்தான் உன்னைக் குடின்னு சொன்னேன்."

தம்பி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். 

"வராதவனுக்கு முட்டை போடக் கூடாதுன்னு வாத்தியார்கிட்ட சண்டை போட்டவ நீதானே, அக்கா?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பாள். அவன் நிஜமாகவே கேட்டான்.

"நான்தான்."

"மறந்துட்டியா?"

"மறந்துட்டேன்டா."

அவன் கையை நீட்டி அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டான். "விடு. எனக்கான முட்டையா இருந்தா உனக்கு ஞாபகம் இருந்திருக்கும். அது யாரோ ஒரு விஷத்துக்குத்தானே போட்ட" என்றான். வார்டு என்றும் பார்க்காமல் அக்கா உடைந்து அழுதாள். தம்பி நர்ஸைக் கூப்பிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, நான் பரீட்சையில ஃபெயிலுன்னு அழறாங்க" என்றான்.

பதினோராம் நாள் காலை அவன் போய்விட்டான். பணிமனையிலிருந்து வந்த டிரைவர்கள் வீட்டுக்கு முன்னால் பஸ்களை வரிசையாக நிறுத்திவிட்டு, ஹாரன் அடிக்காமல் நின்றார்கள். தெருக்காரர்களும் வந்தார்கள். ஒருவர்கூட அக்காவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் மனைவி மட்டும் அன்று முழுக்க அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

மூன்றாவது மாதம் அந்தத் தெருவுக்குக் கணக்கெடுப்புத் தாள்கள் போய் நிரம்பித் திரும்பி வந்தன. எத்தனை பேர் உடம்புக்குள் போக வழி இருக்கிறது என்ற மூன்றாவது மதிப்பெண் இந்தத் தாள்களிலிருந்துதான் வரும். இவை ஏறிவிட்டால் விஷம் முதல் இருபதுக்குள் வந்துவிடும், தெருவுக்குக் குழாய் வரும் என்று பிரிவுத் தலைவர் சொல்லியிருந்தார். இந்தக் கட்டை யாரிடமும் கொடுக்காமல் அக்காவே எடுத்துக்கொண்டாள்.

பதினேழாவது தாள் தம்பி வீட்டுடையது. 'இந்த வீட்டில் இத்தண்ணீரைப் பயன்படுத்தியவர்கள்' என்ற கட்டத்தில் அவன் மனைவி 4 என்று எழுதி, அடித்து, 3 என்று எழுதியிருந்தாள். அடித்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது.

பக்கத்து மேசைப் பெண் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "நாலுன்னே போட்டுடுங்க அக்கா. யாரு வந்து கேக்கப் போறா?"

"இல்லம்மா. கணக்கெடுத்த அன்னிக்கு உயிரோட இருக்கறவங்களைத்தான் எண்ணணும். அதான் விதி."

"நாலு பேர்தானே குடிச்சாங்க?"

"ஆமா" என்றாள் அக்கா. "நாலு பேர் குடிச்சாங்க."

இனி ஒரு கட்டத்திலும் தப்பான எண் போடுவதில்லை என்று அவன் எரிந்த இடத்தில் நின்று சபதம் எடுத்திருந்தாள். 3 என்று தட்டினாள். இறந்தவர்களுக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது. மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடிப் பார்த்தாள். கடைசியில், ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் எழுதுவதற்கென்று 'குறிப்பு' என ஒரு வரி இருந்தது. அதை யாரும் நிரப்புவதில்லை. இந்தப் பதினெட்டு வருடத்தில் அவளும் நிரப்பியதில்லை.

அதில், "ஒருவன் வரவில்லை" என்று எழுதினாள்.

கணினி ஒன்றும் சொல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போனது.