கோலுக்குப் பின்னால் அடித்த விசில்

புதன்கிழமை காலை பதினொரு மணிக்குக் கார்மோர் விக்டோரியா கால்பந்துக் கிளப்பின் மாடியறையில் கிழவர்கள் கூடுவார்கள். ஞாபகம் தப்பிப்போனவர்களுக்கான கூட்டம் அது. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவருக்கும் 1966-இல் இடதுபக்கம் ஆடியவன் பெயர் நாக்கு நுனியில் நிற்கும். அதனால் பழைய ஆட்டப் படங்களை மேஜையில் பரப்பி, கொத்துக்கறி அடைத்துச் சுட்ட ரொட்டியும் டீயும் கொடுத்து, பேசவிடுவார்கள். பேசவிட்டால் போதும், அப்புறம் வாயை மூடவைப்பதுதான் பெரும்பாடு. பழைய மைதானத்தில் பெனால்டி புள்ளி இருந்த இடத்தில் இன்றைக்குக் கடைக்காரன் உறைந்த பட்டாணி விற்கிறான் என்பதை ஷக் என்பவர் வாரம் தவறாமல் சொல்வார். வாரம் தவறாமல் எல்லோரும் முதல்முறை கேட்பதுபோல வயிறெரிவார்கள்.

டூகல்ட் மெக்ராய்க்கு எழுபது வயது. அவருக்கு ஞாபகம் தப்பவில்லை. டீ ஊற்றவும் படங்களை எடுத்துக் கொடுக்கவும் வருகிற தொண்டர் அவர். மூன்று வருஷமாக ஒரு புதன் விட்டதில்லை. தங்கமான மனுஷன் என்று ஊர் சொன்னது. ஊருக்கென்ன, சொல்லும்.

போன இலையுதிர்காலத்தில் வாட்டி பர்டியை அவர் மனைவி ஐனா கைப்பிடித்துப் படியேற்றிக் கூட்டி வந்தாள். அன்றிலிருந்து டூகல்ட் வாட்டியின் கோப்பைக்கு மட்டும் முகத்தைப் பார்க்காமல் டீ ஊற்றினார்.

வாட்டி அந்தக் காலத்துக் கோல்கீப்பர். 1971-இல் கோப்பையின் காலிறுதி, சொந்த மைதானத்தில், இன்வர்லா ரோவர்ஸோடு. ஆட்டம் முடிய நான்கு நிமிஷம் இருக்கையில் இன்வர்லாக்காரன் ஒருவன் பந்தோடு தனியாக வந்தான். வாட்டி எதிர்த்து ஓடி வந்தவர், நடுவழியில் சட்டென்று நின்று, கையைத் தூக்கிவிட்டார். பந்து அவரைத் தாண்டி உருண்டு உள்ளே போனது. ஆஃப்சைடுக்கு நடுவர் விசில் ஊதினார், அதனால்தான் நின்றேன் என்றார் வாட்டி. நான் ஊதவே இல்லை என்றார் நடுவர். கூட ஆடிய பத்துப் பேரில் ஒருவன்கூடக் கேட்கவில்லை.

கார்மோர் அதற்கு முன்பும் அரையிறுதிக்குப் போனதில்லை, பின்பும் போகவில்லை. ஊர் விடுமா? 'விசில் பர்டி' என்று பெயர் வைத்தது. அதன்பின் வாட்டி பந்தைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்த சொந்த ஊர்க் கூட்டமே இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தது. ஒன்றரை வருஷம் தாங்கினார். பிறகு கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, சுரங்க வேலையையும் விட்டுவிட்டு, குடும்பத்தோடு வேறு ஊர் போனார். திரும்பி வந்தது கிழவனாகி, புத்தி தடுமாறிய பிறகுதான்.

அவர் கேட்டது பொய்யில்லை. விசில் ஊதியது டூகல்ட்.

பதினேழு வயது அப்போது. மழைக்காக அப்பாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வடக்குக் கோலுக்குப் பின்னால், ஆட்டம் பார்க்கிறவர்கள் நிற்கும் சாம்பல் மேட்டில் நின்றிருந்தான். அப்பா ரயிலில் கார்டு. கோட்டுப் பையில் விசில் கிடந்தது. இன்வர்லாக்காரன் இரண்டு கஜம் ஆஃப்சைடு, கண்ணிருந்த எவனுக்கும் தெரியும். கோட்டோர நடுவர் கொடியைத் தூக்கவில்லை. தூக்க வேண்டியவன் தூக்காவிட்டால் நாம் ஊதிவிட வேண்டியதுதான் என்று தோன்றியது. பந்தோடு வருகிறவன் நின்றுவிடுவான் என்றுதான் ஊதினான். அவன் நிற்கவில்லை. நின்றது நம்ம ஆள். காற்று மேட்டிலிருந்து வாட்டியைப் பார்த்து வீசியது. கூட்டத்தின் கத்தலில் வேறு எவர் காதிலும் அது ஏறவில்லை. ஊரின் மீது வைத்த பாசத்தில் ஊரையே தோற்கடித்துவிட்டு, விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஐம்பத்து மூன்று வருஷம் ஓடிவிட்டது.

பிப்ரவரியில் ஒரு புதன், கூட்டத்தை நடத்துகிற மொராக் விவரம் தெரியாமல் அந்தப் படத்தையே கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கையைத் தூக்கியபடி வாட்டி, பின்னால் கோல் கோட்டைத் தாண்டும் பந்து.

வாட்டி படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "விசில் ஊதினாங்க," என்றார். "நான் கேட்டேன்."

"ஆமாமா, ஊதினாங்க ஊதினாங்க," என்று ஷக் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தார். "இதானேப்பா?"

எல்லோரும் சிரித்தார்கள். வாட்டியின் கையிலிருந்து படம் நழுவி டீக்குள் விழுந்தது. ஐனா தலையைக் குனிந்துகொண்டாள்.

"சிரிக்காதீங்கடா!" டூகல்டுக்குத் தன் குரலே அந்நியமாகக் கேட்டது. "விசில் ஊதினது நெசம். நான்தான் ஊதினேன். எங்கப்பா விசில். அவன் நிப்பான்னு ஊதினேன், வாட்டி. நீங்க நின்னுட்டீங்க."

வாட்டி மெல்ல எழுந்தார்.

"சொன்னேன்ல?" முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "ஐனா, சொன்னேன்ல நான்! டேய் ஷக், கேட்டியாடா? விசில் ஊதியிருக்காங்கடா!" வந்து டூகல்டின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரொம்ப நன்றி தம்பி. ரொம்ப நன்றி."

நன்றி! டூகல்டுக்கு அழுகை வந்தது. கூடவே மனசு லேசாகவும் ஆனது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை வருஷம் பயந்தோம் என்று. அந்த நிம்மதிக்காக அவர் பிறகு ரொம்ப வெட்கப்பட்டார்.

கோட்டு மாட்டும் இடத்தில் ஐனா நின்றிருந்தாள்.

"அன்னிக்குப் பஸ்ஸுல வீட்டுக்குப் போறப்ப நான் என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? தப்புப் பண்ணிட்டேன்னு ஒத்துக்கிட்டா என்னன்னு கேட்டேன். கட்டினவ நானே நம்பல. அதுக்கப்புறம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கல. புத்தி தடுமாறின பிறகுதான் மறுபடி சொல்ல ஆரம்பிச்சார்."

"மன்னிச்சிருங்க."

"எங்கிட்ட எதுக்கு? அடுத்த வாரம் அவருக்கு இது ஞாபகம் இருக்காது. மறுபடி சொல்லுங்க. ஒவ்வொரு வாரமும் சொல்லுங்க. அவர் ஒருத்தராவது சந்தோஷமா இருக்கட்டும்." கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அவ்வளவுதானா? வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்ல," என்றார் டூகல்ட்.

அடுத்த புதன் சொன்னார். வாட்டி முதல்முறை கேட்பதுபோல மகிழ்ந்து கையைக் குலுக்கினார். அதற்கடுத்த புதனும் அப்படியே. ஷக் இப்போதெல்லாம் வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொள்வார். டூகல்டுக்கு அது ஒரு பிரார்த்தனை மாதிரி பழகிவிட்டது; வார்த்தை தடங்கலில்லாமல் வந்தது. புதன் எப்போது வரும் என்றுகூட இருந்தது.

நான்காவது புதன் வாட்டி கையைக் குலுக்கவில்லை.

"சரி, தெரியாம ஊதிட்டே. சின்னப் பையன். அப்புறம் வாரா வாரம் என் முதுகுக்குப் பின்னாடி விசிலடிச்சாங்களே, அப்ப நீ எங்கே இருந்தே?"

மொராக் கையில் டீத்தட்டோடு நின்றுவிட்டாள். ஒரு பொய் போதும். வேலைக்கு வெளியூர் போயிருந்தேன் என்று சொன்னால் முடிந்தது. வாரம் திரும்பினால் வாட்டிக்குக் கேள்வியே மறந்துவிடும். டூகல்ட் வாயைத் திறந்தார். ஐனா அவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"அங்கேதான் இருந்தேன்," என்றார். "அதே மேட்டுல."

"நீ என்ன பண்ணினே?"

"நானும் அடிச்சேன்."

"என்னது?"

"எல்லாரும் அடிச்சாங்க. நான் மட்டும் சும்மா நின்னா, எவனாவது சந்தேகப்படுவானோன்னு..." டீக்கெண்டியைக் கீழே வைத்தார். "எல்லாரையும்விடச் சத்தமா அடிச்சேன், வாட்டி. ஒரு வாரம்கூட விடல."

வாட்டி கோபப்படுவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கோபப்பட்டிருந்தால் தேவலை. டீக்கோப்பையை மேஜையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்தார். அடிபட்ட சின்னப் பிள்ளையைப் போல மனைவியின் கையைத் தேடிப் பிடித்தார்.

"ஐனா, வீட்டுக்குப் போலாம்."

ஐனா அவருக்குக் கழுத்துத்துணியைச் சுற்றிவிட்டாள், தொப்பி வைத்தாள், நிதானமாகப் பொத்தான் போட்டுவிட்டாள். கதவருகில் வந்ததும் திரும்பினாள். இத்தனை நாள் கொடுத்த மரியாதை அவள் குரலில் இல்லை.

"இதையும் சேர்த்துச் சொல்லு இனிமே," என்றாள். "புதன்கிழமை புதன்கிழமை."