நிறுத்தச் சொன்ன மாத்திரை

சர்க்கரை நோய்க்கு நான் போடும் சீனி மாத்திரை குறையத் தொடங்கியதும் நான் முதலில் சந்தேகப்பட்டது மருமகள் கிருஷாந்தியைத்தான். வேறு யாரைச் சந்தேகப்படுவது? மகன் கொழும்பில் கடை வேலை. காம்பரா வீட்டில் இருப்பது நான், என் வீட்டுக்காரர், அவள். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கிளினிக்கில் ஒரு மாதத்துக்குத் தந்தார்கள். இன்னும் பன்னிரண்டு நாள் கிடக்க, கவரில் ஆறுதான் மிச்சம்.

வட்டகொடையில் இருக்கும் அவள் அம்மாவுக்கும் சீனி வருத்தம். அங்கேதான் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். கவரை அரிசி வாளிக்குள் ஒளித்தேன். அப்படியும் குறைந்தது. கள்ளி என்று மனதுக்குள் திட்டினேன்.

என் வீட்டுக்காரருக்கும் பதினாறு வருஷமாய் அதே மாத்திரைதான். போன கிளினிக்கில், யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாய் வந்த டொக்டரம்மா அவருடைய கிளினிக் கொப்பியில் அதை வெட்டிவிட்டாள். இனி வேண்டாமாம். அன்றிலிருந்து அவருக்கு முகமே சரியில்லை.

"பதினாறு வருஷம் வேணும்னாங்க. இப்ப வேணாங்குறாங்க. இதுல என்னமோ இருக்கு" என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கு யாரும் சும்மா நல்லது செய்ததாய் எனக்கு ஞாபகமில்லை.

நேற்றுக் காலை தண்ணீர்ப் பீலியில் முகம் கழுவப் போனவர் அங்கேயே சரிந்து விழுந்தார். உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சும் குழறியது. நான் கத்திக்கொண்டு நின்றேனே தவிர ஒன்றும் செய்யவில்லை. கிருஷாந்திதான் சீனியைத் தண்ணீரில் கரைத்து ஓடி வந்தாள்.

"மாமா, கொஞ்சம் கொஞ்சமா முழுங்குங்க."

சற்று நேரத்தில் கண் தெளிந்தது. நனைந்த சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்து என் மாத்திரைகள் இரண்டு விழுந்தன. கிருஷாந்தி அதையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"அத்தை, என்னையத்தானே நெனச்சீங்க?"

எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

கிளினிக்கில் டொக்டரம்மா அவர் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தாள். "மாயாண்டி ஐயா, உங்களுக்குச் சீனி நல்லாக் குறைஞ்சு போச்சு. இந்த வயசில இந்தக் குளிசை உயிருக்கே ஆபத்து. அதாலதான் நிப்பாட்டினனான். பிறகேன் எடுத்துப் போட்டனீங்கள்?"

அவர் தலை குனிந்தபடியே பேசினார்.

"மருந்துத் தட்டுப்பாடு வந்துச்சே டொக்டரம்மா, அந்த வருஷம் என் தம்பி கந்தப்பனுக்கும் இப்புடித்தான் சொன்னாங்க, வேற எடத்துல. பிரசர் மாத்திரை இனி வேணாம்னு. ரெண்டே மாசம். வாய் கோணி, கை கால் இழுத்து, போய்ச் சேந்துட்டான். மாத்திரை இல்லாததாலதான் வேணாம்னு சொன்னாங்கன்னு பொறகுதான் தெரிஞ்சுச்சு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க. வேணாம்னு சொல்லாதீங்க."

கந்தப்பன் செத்து நாலு வருஷம். இதை அவர் என்னிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லை.

டொக்டரம்மா எழுந்து எங்களை மருந்து கொடுக்கும் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அலுமாரியைத் திறந்தாள். பெட்டி பெட்டியாய் அதே மாத்திரை.

"இருக்குது ஐயா. இருந்தும்தான் உங்களுக்கு வேண்டாம் எண்டு சொல்லுறன்."

அவர் ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. இனி என் கவரில் கை வைக்க மாட்டார், பிழைத்துக்கொள்வார் என்று எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போதுதான் மனுஷன் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தார்.

"அன்னைக்கு நாந்தான் அவன கூட்டிட்டுப் போனேன் டொக்டரம்மா. அலுமாரிய தெறந்து காட்டுங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலயே. வேணாம்னதும் அண்ணனும் தம்பியும் கும்புட்டுட்டு வந்துட்டோம்."