வெறும் வாயில் மாத்திரை

எண்பத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம், மூன்றாவது நாளாக விசைத்தறிக்குப் போகாமல் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எச்சில் விழுங்கினால்கூட நெஞ்சுக்குள் கத்தி இறங்கியது. அந்த வலியிலும் தங்கசாமி இந்நேரம் எத்தனை சேலை நெய்து இறக்கியிருப்பான் என்பதே நினைப்பு. பாவிப்பயல், எனக்கு ஆறு வருஷம் கழித்து வேலைக்கு வந்தவன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குள் யார் அதிகம் நெய்கிறார்களோ அவருக்கே மேஸ்திரி வேலை என்று முதலாளி சொல்லியிருந்தார். அவனுக்கு இளவயது. எனக்கோ தீராத முதுகுவலி. தினமும் நாலு வலி மாத்திரை போட்டு அவனோடு மல்லுக்கட்டினேன். தண்ணீர்ப் பானை தறிக்கூடத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே போனால் தறியை நிறுத்த வேண்டும். அதனால் வெறும் வாயிலேயே விழுங்கிவிடுவேன்.

இதைக் கேட்டதும் ஞானபூரணம் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

"உணவுக்குழாயோட உள்தோல்ல இருக்க செல்லு, கொழுப்புல இருந்து ரெண்டு வகைச் சரக்கு தயார் பண்ணுது. ஒண்ணு தோலைக் காக்கும். இன்னொண்ணு வீங்க வச்சு வலியைக் கெளப்பும். நீங்க போடுத மாத்திரை ரெண்டையும் சேத்து அடக்கிப்போடும். அதுலயும் தண்ணியில்லாம முழுங்கி, அது உள்ளயே ஒட்டிக் கரைஞ்சிருக்கு. காவலும் இல்ல, பெறவு புண்ணாகாம என்ன செய்யும்? இருக்க மாத்திரையத் தூரப் போடுங்க. தண்ணியப் பக்கத்துலயே வச்சு அடிக்கடி குடிங்க."

ஒரே தோலில், ஒரே கொழுப்பில் இரண்டுமா என்று ஒரு நிமிஷம் ஆச்சரியமாக இருந்தது. அப்புறம் மறுபடியும் தங்கசாமி. மாத்திரையை நான் தூரப் போடவில்லை.

ஒரு வாரம் கழித்து, டாக்டரம்மா சொன்னபடி ஒரு செம்புத் தண்ணீரோடு தறிக்கூடத்துக்குப் போனேன். தங்கசாமி என் இரண்டு தறிகளையும் சேர்த்து நாலு தறி ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாங்க அண்ணாச்சி. நீங்க வாரவரைக்கும் ஒங்க தறி சும்மா கெடக்கக் கூடாதுல்லா, அதான்" என்றான். ஒரு வார்த்தையும் நான் நம்பவில்லை. சிரித்தவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"நாலு தறி ஓட்டி இடுப்பே விட்டுப்போச்சு. நீங்க போடுவியளே, அந்த மாத்திரை ஒண்ணு இருந்தாத் தாங்க."

அவனுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். டாக்டரம்மா குரல்கூடக் காதில் கேட்டது. சட்டைப்பையில் கையை விட்டேன்.

"ரெண்டாப் போடு. சட்டுனு கேக்கும்" என்றேன்.

தறியை நிறுத்தாமலே, ஒரு கையால் வாங்கி வாயில் போட்டு அண்ணாந்தான். அவன் தொண்டைக்குழி ஏறி, பாதியில் நின்று, மறுபடி ஏறியது. என் கையிலிருந்த செம்பில், தறிகளின் அதிர்வில் தண்ணீர் நடுங்கிக்கொண்டிருந்தது.