மூன்றாம் மேசையின் விமர்சகர்

காலை ஏழு பத்துக்குச் சாப்பாட்டுக் கடை நடத்தும் அக்கா அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து நின்றபோதே, வாசலோர மேசையில் உட்கார்ந்திருந்த கண்ணாடிக்காரன் தன் கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டான். கூட்ட நேரத்தில் அந்தக் கடையின் அடுப்பு அணைந்தது அக்காவின் கணவர் இறந்த அன்று மட்டும்தான். அன்றும் அரை மணி நேரம்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் அவன் கண்ணாடிக்காரன். சாப்பாட்டுக் கடைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில் அக்காவின் குடித்தனக்காரனும் அவனே. பதினோரு அறைகள் ஏறி இறங்கி, கடைசியில் குளியலறைக்குள் அடுப்பு வைத்திருந்த ஒன்றைப் பார்த்து மனம் நொந்த பிறகு கிடைத்த அறை அது. வருகிற புதன்கிழமை அவன் அம்மா கண் அறுவைக்கு வருகிறாள். சாலையைக் கடந்தால் மருத்துவமனை. அம்மா பத்து நாளாவது அந்த அறையில்தான் தங்கியாக வேண்டும்.

அக்கா கோபித்துக்கொண்டால் அறை போய்விடும். இவனுக்கு முன்னால் அங்கே இருந்தவன், "டீ கொஞ்சம் தண்ணியா இருக்கோ?" என்று ஒரு சந்தேகமாகத்தான் கேட்டான். மாலையில் திரும்பி வந்தபோது அவன் பெட்டி தெருவில் நின்று பதில் சொன்னது.

"யாருய்யா இந்த 'உள்ளதைச் சொல்பவன்'?" என்றாள் அக்கா, கைபேசியை உயர்த்திப் பிடித்து. "நம்ம கடையைப் பத்தி நெட்டுல எழுதிப் போட்டிருக்கான்."

ஓய்வுபெற்ற தபால்காரர் மட்டும் கையை நீட்டினார். அடுத்தவர்களுக்கு வந்ததைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பழக்கம் அவரை விட்டு இன்னும் ஓய்வுபெறவில்லை. உரக்கப் படித்தார்.

"'இரண்டு நட்சத்திரம். முட்டையைத் தட்டில் கொண்டுவந்து வைத்தார்கள். முட்டை என்னைப் பார்த்தது. நான் முட்டையைப் பார்த்தேன். இருவருக்குமே ஏமாற்றம்.'"

யாரோ சிரித்துவிட்டு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கண்ணாடிக்காரனின் காது சிவந்தது. பாதி பயம். மீதிப் பாதி, வெளியே சொன்னால் வெட்கக்கேடு, பெருமை. அந்த நாலு வரிக்காக அவன் கண்ணாடிக் கடையில் ஒரு மதியம் முழுக்க யோசித்திருந்தான். அதற்குள் ஒரு வாடிக்கையாளர் கண் சோதிக்கும் எழுத்துப் பலகையின் கடைசி வரியை நாலு முறை படித்துவிட்டு, கண் சரியாகிவிட்டது என்று கிளம்பிப் போய்விட்டார்.

"இன்னும் இருக்கு, கேளுங்க," என்றார் தபால்காரர். "'மூன்றாம் மேசையில் உட்கார்ந்தால், தேநீர் வந்து சேர்வதற்குள் ஆறிவிடுகிறது.'"

எல்லாத் தலைகளும் மூன்றாம் மேசைப் பக்கம் திரும்பின. அங்கே பெயிண்டர் ரொட்டியைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார். ஆறு வருடமாக அதே மேசை.

கண்ணாடிக்காரன் சாப்பிட்டது எப்போதும் முதல் மேசையில். தன்னை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காக மூன்றாவது என்று மாற்றி எழுதினான். எழுதும்போது அது மகா புத்திசாலித்தனமாக இருந்தது. மூன்றாம் மேசையில் ஓர் ஆள் இருக்கிறார் என்பது அந்தப் புத்திசாலித்தனத்தில் சேர்த்தியில்லை.

"நீயா?" என்றாள் அக்கா.

"அக்கா, என் போன்ல பேசத்தான் முடியும். அதுவும் சில நாள்தான்."

"யாரையாவது வச்சு எழுதியிருப்ப. வாயே திறக்காம தின்னுட்டுப் போறப்பவே நினைச்சேன், உள்ளுக்குள்ள என்னமோ ஓடுதுன்னு."

"ஐயோ, சத்தியமா இல்லக்கா..."

"நாளையிலேருந்து வேற கடை பாத்துக்கோ."

பெயிண்டர் முகம் தொங்கிப்போனது. அவர் சாரம் ஏறுகிற நேரத்துக்கு முன்னால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு கடை திறப்பதில்லை. கண்ணாடிக்காரன் வாயைத் திறந்தான். 'அக்கா, அது நான்தான்.' மூன்றே சொல். கண்ணில் கட்டோடு அம்மா நடுத்தெருவில் பையை அணைத்துக்கொண்டு நிற்பது தெரிந்தது. திறந்த வாய்க்கு ஒரு காரணம் வேண்டுமே என்று ரொட்டியை உள்ளே திணித்தான்.

அப்போதுதான் தபால்காரர் மேசையைத் தட்டினார்.

"ஆனா பெயிண்டரே, ஒண்ணு சொல்றேன். எழுத்துன்னா இது எழுத்துய்யா! நூத்திநாப்பது பேரு லைக் போட்டிருக்கான். எப்படித் தோணுச்சு?"

பெயிண்டர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'முடிச்சாச்சா, எழுந்துக்கலாமா' என்பதைத் தவிர ஆறு வருடத்தில் அங்கே யாரும் அவரிடம் எதுவும் கேட்டதில்லை.

"அது... சும்மா, ஏதோ தோணுச்சு," என்றார் தலையைக் குனிந்தபடி.

கண்ணாடிக்காரன் ரொட்டியை மெல்லத் தொடங்கினான். இனி பயமில்லை. அறை பத்திரம், அம்மா பத்திரம். மென்றுகொண்டே இருந்தால் போதும்.

"ஒருநாள் நான் முட்டையைப் பாத்தேன்," என்று பெயிண்டர் விரிவுரையைத் தொடங்கினார். "முட்டையும் என்னைப் பாத்துச்சு. ரெண்டு பேருக்குமே மனசு சரியில்ல."

"முட்டைதான்ணே முதல்ல பாக்கணும்!"

யார் குரல் என்று கண்ணாடிக்காரனும் திரும்பிப் பார்த்தான். அவனுடையதுதான். அதுவோ நிற்பதாக இல்லை. "நீங்க முதல்ல பாத்தா அதுல என்ன இருக்கு? அப்புறம் 'மனசு சரியில்ல' கிடையாது, 'ஏமாற்றம்'. அந்த ஒரு சொல்லுக்கு ஒரு மதியம் போச்சு எனக்கு!"

தபால்காரர் கைபேசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"சமாளிச்சிருப்பேனே தம்பி," என்றார் பெயிண்டர் மெதுவாக. பழி நீங்கிய முகமாகத் தெரியவில்லை; போட்டிருந்த புதுச் சட்டையைக் கழற்றிக் கொடுத்த முகம்.

அக்கா முதல் மேசைக்கு வந்து நின்றாள்.

"தினமும் 'நல்லா இருக்குக்கா, நல்லா இருக்குக்கா'ன்னு சொல்லிட்டுத்தான படியேறுவ?"

"சும்மா விளையாட்டுக்குக்கா..."

"விளையாட்டை விடு. முட்டை நல்லா இருந்துச்சா, இல்லையா?"

இதற்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு என்று அவனுக்குத் தெரியும். "கொஞ்சம் கூடுதலா வெந்துபோச்சுக்கா," என்றான். தபால்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா என்னிக்கு வர்றாங்க?"

"புதன்கிழமை."

"வரட்டும். கண்ணு சரியாகுற வரைக்கும் மேல இருக்கட்டும். மூணு வேளையும் நானே சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துப் பாத்துக்குறேன். அவங்க என்ன பாவம் பண்ணாங்க? நீ ஞாயித்துக்கிழமைக்குள்ள பெட்டியைக் கட்டு. பகல்ல வேணும்னா வந்து பாத்துட்டுப் போ." பெயிண்டர் பக்கம் திரும்பினாள். "நீ உக்காருய்யா. டீ மாத்தித் தர்றேன்."

அடுப்பு மறுபடி பற்றிக்கொண்டது. பெயிண்டர் தேநீரை ஊதிக்கொண்டே, "நம்ம ரூம்ல ஒரு ஆள் படுக்கலாம் தம்பி. பெயிண்ட் வாடை வரும், அவ்வளவுதான்," என்றார்.

பெரிய கண்டம் தாண்டிவிட்டது என்று கண்ணாடிக்காரன் மூச்சு விட்டான். அம்மாவுக்கு அறை உண்டு. பக்கத்தில் ஆள் உண்டு. மூன்று வேளையும் அக்கா கைச் சாப்பாடு.

அக்கா கைச் சாப்பாடு.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. அவன் அம்மாவுக்குக் கைபேசியில் எழுதத் தெரியாது. அதற்குத் தேவையும் வந்ததில்லை. யார் சமைத்தார்களோ அவர்களை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு, மறைக்காமல், ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாகக் குறை சொல்கிறவள் அவள்.

அன்று வெள்ளிக்கிழமை. புதனுக்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது.