பதினாலாம் எண் பங்குதாரர்

கொரோனா வந்த வருஷம், ஜூலை மாதம். சிறகம் ஏரோஸ்பேஸ் பங்கு நானூற்றுப் பத்து ரூபாயிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியிருந்தது. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் ஜெகதீசன் நடத்திவந்த ஜெராக்ஸ் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உள்ளே மூன்று பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மூவருமே அந்தக் கம்பெனியின் பங்குதாரர்கள்.

ஜெகதீசனிடம் முந்நூறு பங்கு இருந்தது. அவனுடைய அக்கா சூர்யகலாவிடம் இருநூறு. அவள் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ், வீடு விழுப்புரத்தில். மூன்றாவது ஆள் பச்சைமுத்து, அனந்தபுரம் பக்கத்து விவசாயி. முந்தின வருஷம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, விற்ற பணத்தில் நூறு பங்கு வாங்கியிருந்தார். இந்தக் கம்பெனியை இவர்களுக்குக் காட்டியதே அவருடைய அக்கா மகன் பிரவீன்குமார்தான். டிப்ளமோ முடித்துவிட்டு, சென்னைக்கு வெளியே இருந்த கம்பெனியின் தொழிற்சாலையில் விமான உதிரி பாகம் கடையும் மெஷினில் வேலை செய்தான். "வெளிநாட்டு பிளேனுக்கெல்லாம் நாங்கதான் மாமா பார்ட்ஸ் பண்றோம்" என்று அவன் பெருமையாகச் சொன்னதை நம்பி மூவரும் வாங்கிவிட்டார்கள்.

"வித்துடலாம் தம்பி," என்றார் பச்சைமுத்து. "பிளேனே பறக்கல. பார்ட்ஸ எவன் வாங்குவான்?"

"இப்ப விக்கறவன் ஏமாளிண்ணா. இன்னும் கொஞ்சம் வாங்கிப் போட்டா நாம வாங்கின சராசரி வெல எறங்கிடும்."

"போன மாசமும் இதத்தான் சொன்ன. நீ சொல்லிக்கினே இருக்க, அது விழுந்துக்கினே இருக்குது. பேஜாரா கீதுப்பா."

"உலகம் பூரா விழுந்துதுண்ணா. நம்ம கம்பெனி மட்டும் இன்னா பண்ணும்?"

சூர்யகலாவுக்கு எரிச்சல் வந்தது. "ரெண்டு பேரும் நிறுத்துங்க. கம்பெனி இன்னா சொல்லுதுன்னு யாராவது பாத்தீங்களா? ஆண்டறிக்கை மெயில்ல வந்து நாலு நாள் ஆவுது. அதப் பிரின்ட் எடு."

"நூத்தி எண்பது பக்கம்க்கா!"

"எடுறா. நம்ம பணம் போன கதைய நாமளாவது படிக்க வேணாமா?"

சூர்யகலா அந்தக் காகிதக் கட்டை வீட்டுக்கு எடுத்துப்போய், டூட்டி இல்லாத நேரங்களில் ஒரு வாரம் படித்தாள். புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளுக்குச் செல்போனில் அர்த்தம் பார்த்துக்கொண்டாள். இரண்டு இடங்களில் பேனாவால் அழுத்திக் கோடு போட்டாள். ஒன்று, செலவைக் குறைக்க முந்நூற்று நாற்பது பேர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள் என்ற வரி. மற்றொன்று, நிர்வாக இயக்குநரின் சம்பளத்தை மூன்று கோடியிலிருந்து நாலு கோடியே இருபது லட்சமாக உயர்த்தும் தீர்மானம். லாபம் குறைந்த வருஷம் என்பதால் அதற்குப் பங்குதாரர்களின் ஓட்டில் நாலில் மூன்று பங்கு வேண்டுமாம்.

அந்த முந்நூற்று நாற்பது பேரில் பிரவீன்குமாரும் ஒருவன். மே மாதம் போனில் கூப்பிட்டு, இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஐந்து வருஷம் மெஷினைப் பிடித்த கையால் இப்போது மாமன் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான்.

படித்து முடித்த அன்றே சூர்யகலா தம்பிக்குப் போன் செய்தாள். "பிளேன் பறக்கலன்னு இவனுங்கள வூட்டுக்கு அனுப்புனாங்க இல்ல? அதே பிளேன் பறக்காததுக்கு எம்.டி.க்கு ஒரு கோடிக்கு மேல ஏத்தறாங்கடா! அதுக்கு நம்ம ஓட்டு வேற கேக்கறாங்க."

"பெரிய எடத்துல அப்பிடித்தான்க்கா."

"அப்பிடித்தான்னா? நான் கேக்கப் போறேன்."

அந்த வருஷம் ஆண்டுக் கூட்டம் வீடியோவில்தான் நடந்தது. முன்கூட்டிப் பதிவு செய்தால் எந்தப் பங்குதாரரும் பேசலாம். சூர்யகலா பதிவு செய்தாள். பேச்சாளர் எண் பதினாலு என்று மெயில் வந்தது.

செப்டம்பரில் கூட்டம் நடந்தபோது அவள் விழுப்புரத்தில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தாள். கொரோனா வார்டில் ஒரு வாரம் டூட்டி பார்த்தவர்களை அடுத்த வாரம் அங்கேதான் தனியாகத் தங்கவைத்திருந்தார்கள். முகக்கவசத்தின் தடம் இன்னும் மூக்குத்தண்டில் கறுத்திருந்தது. தலை சீவி, நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, செல்போனைத் தண்ணீர் ஜக்கில் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். திண்டிவனம் கடையில் ஜெகதீசனும் பச்சைமுத்துவும் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்கள்.

அவளுக்கு முன் பேசிய பதின்மூன்று பேரும் வாழ்த்தினார்கள். ஒருவர் சேர்மன் நூறாண்டு வாழ வேண்டும் என்றார். இன்னொருவர், அடுத்த வருஷம் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டி நல்ல சாப்பாடு போட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். சேர்மன் சிரித்தபடி தலையாட்டினார்.

பதினாலு வந்தது.

"வணக்கம். நான் சூர்யகலா, விழுப்புரத்துலேர்ந்து பேசறேன்."

"மேடம், இங்கிலீஷ்ல பேசுங்க, ப்ளீஸ்," என்றது கூட்டத்தை நடத்திய குரல்.

"சேர்மன் சார் தமிழ்க்காரர்தானே? அவருக்குப் புரியும். சார், முந்நூத்தி நாப்பது பேர வேலைய விட்டு நிறுத்திட்டீங்க. கொரோனான்னு சொன்னீங்க. சரி. அதே கொரோனாவுல எம்.டி. சாருக்கு மட்டும் எப்பிடி சம்பளம் ஏறுது? நான் கொரோனா வார்டுல நர்சு. எங்களுக்கு..."

திரையில் அவளுடைய மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. அவள் அமுக்கிப் பார்த்தாள். திறக்கவில்லை.

"பதினாலாம் எண்ணுக்கு இணைப்பில் கோளாறு போலிருக்கிறது. அடுத்து, பதினைந்தாம் எண்," என்று இங்கிலீஷில் சொன்னது அதே குரல்.

கோளாறு எதுவும் இல்லை. பதினைந்தாம் ஆள் சேர்மனின் சட்டை நிறத்தைப் பாராட்டியதுகூட அவளுக்குத் துல்லியமாகக் கேட்டது. எழுந்து நின்றாள், மறுபடி உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்து திரை அணையும்வரை கையைத் தூக்கியபடியே இருந்தாள்.

பச்சைமுத்துதான் முதலில் கூப்பிட்டார். "வாயப் பொத்திட்டானுங்களே சிஸ்டர்! எங்க ஊரு கூட்டத்துலகூட இந்த அநியாயம் நடக்காது."

மூவரும் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். எல்லாம் சேர்த்து அறுநூறு ஓட்டு. எண்பத்துமூன்று சதவீத ஆதரவோடு தீர்மானம் நிறைவேறியது என்று இரண்டு நாளில் அறிவிப்பு வந்தது. முதலாளி குடும்பமும் பெரிய முதலீட்டு நிறுவனங்களும் ஒரே பக்கம் நின்றிருந்தன.

பச்சைமுத்து அக்டோபரில் நூற்றைந்துக்கு விற்றுவிட்டு போர்வெல் மோட்டாரைப் பழுதுபார்த்தார். சூர்யகலா விற்கவில்லை. தன் பேச்சை அறுத்தது பற்றிப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள். மூன்று வாரம் கழித்து, வார்டிலிருந்து வெளியே வந்து கவச உடையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கம்பெனி செயலாளரே போன் செய்தார்.

"மேடம், அன்னைக்கு டெக்னிக்கல் பிராப்ளம். நீங்க புகார வாபஸ் வாங்கிட்டா நல்லாருக்கும்."

"பதில் சொல்லுங்க, வாங்கிக்கறேன்."

"மேடம், நீங்க வெச்சிருக்கறது இருநூறு ஷேர்தானே?"

"ஆமா சார், இருநூறுதான். என் வார்டுல மூச்சு முட்டுதுன்னு ஒருத்தன் வந்தா, உனக்கு எத்தினி ஏக்கர் கீதுன்னு கேட்டுக்கினா நான் ஆக்சிஜன் வைக்கறேன்? பதில எழுத்துல குடுங்க."

எழுத்தில் வந்தது. சட்டப்படியும் தொழில்துறை வழக்கப்படியும் சம்பளம் நிர்ணயிக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி. முந்நூற்று நாற்பது பேரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்த பிப்ரவரியில் விமானங்கள் மறுபடி நிறையப் பறக்கத் தொடங்கியிருந்தன. பங்கு இருநூற்று அறுபதைத் தொட்டது. ஜெகதீசன் வாட்ஸ்அப்பில் பட்டாசுப் படம் போட்டு, "எம்.டி. வாங்கற சம்பளத்துக்கு ஒர்த்துதான்க்கா" என்று எழுதினான். அதைப் படித்த சூர்யகலா ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் திண்டிவனம் போனாள்.

கடையில் பிரவீன்குமார் சான்றிதழ்களைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தான். கம்பெனியில் மறுபடி ஆள் எடுக்கிறார்களாம். நேரடியாக இல்லை, ஏஜென்ட் மூலம், கான்ட்ராக்டில். அதே மெஷின், பாதிச் சம்பளம்.

"கேட்டியாடா?" என்று தம்பியிடம் திரும்பினாள். "வெல ஏறுச்சின்னு பட்டாசு வுட்டியே, எங்கேர்ந்து ஏறுச்சி தெரியுதா? இவன் சம்பளத்துல பாதிய அறுத்துத்தான் ஏறுச்சி."

"நான் இன்னாக்கா பண்ணட்டும்? அன்னைக்கு உங்கூட சேந்து நானும்தான எதுத்து ஓட்டுப் போட்டேன்? போன பணம் கொஞ்சம் திரும்பி வருது. அதுக்கு சந்தோஷப்படக் கூடாதா?"

"படு. ஆனா அவங்களுக்கு நாயம் பேசாத. என் இருநூறையும் நாளைக்கிக் காலைல வித்துடு."

"இப்பவா? நானூத்திப் பத்துக்கு வாங்கினது! இன்னும் ஏறும்க்கா."

"ஏறட்டும். எனக்கு வேணாம்."

பிறகு பிரவீன்குமாரிடம், "நீ போவாதடா" என்றாள்.

"போவாம இன்னாக்கா பண்றது? எனக்கு இந்த மெஷின் வேலதான் தெரியும்." அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது.

அவன் பிரதி எடுத்த தாள்களைப் புரட்டிக்கொண்டே கேட்டாள். "சரி, போ. பழைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வெச்சிருக்கியா? அதுல ஒரு காப்பி குடு. போன்ல சொல்லி நிறுத்தினா சட்டப்படி செல்லுமான்னு தொழிலாளர் ஆபீசுல கேக்கறேன். உங்கூட வேல போன மத்தவங்க நம்பரும் வேணும்."

அவன் தயங்கினான். "எம்பேரு வெளிய வந்தா இந்த வேலையும் போயிடும்க்கா."

"உம்பேர நான் சொல்லல, ஆர்டர்லயும் மறைச்சிடறேன். மத்தவங்க சம்மதிச்சா அவங்க பேரு மட்டும்."

அவன் செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பதினொரு எண்களை எழுதிக் கொடுத்தான். ஜெகதீசன் ஆர்டரைப் பிரதி எடுத்து நீட்டினான். அக்கா கொடுத்த காசை வாங்கவில்லை.

விழுப்புரம் பஸ் புறப்பட இன்னும் நேரம் இருந்தது. சூர்யகலா ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் எண்ணுக்கு அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒரு பெண் எடுத்தாள்; வீட்டுக்காரர் செங்கல் சூளைக்குப் போயிருக்கிறார், ஆறு மணிக்குமேல் கூப்பிடுங்கள் என்றாள். சூர்யகலா அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஆறு என்று எழுதிவிட்டு மூன்றாவதை அழுத்தினாள்.